காத்திருப்புக்குக் கூலி

ஆபத்து என்று கூப்பிடுகிறவர் வீட்டுக்கு ஓடுவதற்குக் கூலி வாங்கலாமா? பத்துமலை, செலாயாங், கோம்பாக் பக்கம் சொந்தமாகக் கேஸ் வேலை பார்க்கும் எங்கள் சிலருக்கு இது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. ஒரு நிறுவனம் எங்களைக் கான்ட்ராக்டில் அழைத்திருக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் எங்காவது கேஸ் கசிகிறது என்று தகவல் வந்தால் முதல் ஆளாகப் போய் ஆபத்தை நிறுத்த வேண்டும். வாரத்தில் சில இரவுகள் முறை வரும். முறை நாளில் குடிக்கக் கூடாது, ஊரைத் தாண்டக் கூடாது. போன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வண்டியில் எண்ணெயும் டிடெக்டரில் பேட்டரியும் குறையக் கூடாது. சம்பளத்துக்கு இரண்டு வழி சொல்கிறார்கள். ஓர் அழைப்புக்கு இவ்வளவு என்று வாங்கலாம். இல்லையென்றால் ஒரு முறைக்கு இவ்வளவு. அழைப்பு வந்தாலும் வராவிட்டாலும் அதே தொகை. எது வேண்டும் என்று எங்களையே சொல்லச் சொல்லிவிட்டார்கள்.

கோயில் வேலைகளில் பழகிய பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "தைப்பூசத்துல பந்தல் பந்தலா போய்ச் சும்மா பாத்துக் கொடுக்கிறவரு நீங்க. உயிர் போற நேரத்துல போறதுக்கு மட்டும் காசு வாங்குவீங்களா?" என்றார். கோபத்தில் கேட்கவில்லை, வருத்தத்தில் கேட்டார். அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் எழுதிப் பார்க்கிறேன்.

எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற கேஸ் ஃபிட்டர் நான். பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடைகள், கிள்ளான் தெங்கு கெலானா சாலையில் பலகாரக் கடைகள், சில கோயில் மடப்பள்ளிகள் எல்லாம் என் வாடிக்கை. தைப்பூசம் வந்தால் சுங்கை பத்து ஆற்றங்கரையிலிருந்து அடிவாரம் வரை அன்னதானப் பந்தல்களின் அடுப்புகளைப் பார்த்துக் கொடுப்பேன். அங்கே என்ன நடக்கும் என்பது 272 படியேறிப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாது. பந்தலின் பின்புறம் 14 கிலோ தோம்புகள் வரிசையாக நிற்கும். அவற்றிலிருந்து ரப்பர் குழாய்கள் தரையோடு ஓடும். அதன் மேல்தான் ஆட்கள் அண்டா தூக்கிக்கொண்டு நடப்பார்கள். மழை வந்தால் நல்ல மனத்தோடு ஒருவர் தார்பாயை நாலு பக்கமும் இழுத்துக் கட்டிவிடுவார். எனக்கு அங்கேதான் வயிற்றைக் கலக்கும். சமையல் கேஸ் என்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது, காற்றைவிட கனம். மேலே போகாது, தரையோடு தவழ்ந்து பள்ளம் தேடிப் போய்க் கிடக்கும். காற்றில் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே ஒரு பொறி போதும். அதற்கென்று சொந்த வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் மெர்காப்டன் என்ற நாற்றத்தைச் சேர்க்கிறார்கள். சாம்பிராணியும் கற்பூரமும் கொதிக்கிற சாம்பாரும் மணக்கிற இடத்தில் அந்த நாற்றமும் மூக்குக்கு எட்டாது. சோப்புத் தண்ணீரை ரெகுலேட்டரின் கழுத்தில் தடவிவிட்டுக் குனிந்து பார்ப்பேன். கசிவு இருந்தால் கடுகு கடுகாக நுரை முளைத்து வளரும். ரப்பர் வளையத்தை மாற்றி, மறுபடி தடவி, நுரை அசையாமல் நிற்பதைப் பார்த்த பிறகுதான் அடுத்த பந்தலுக்குப் போவேன். அதற்கு யாரிடமும் காசு வாங்கியதில்லை, இனியும் வாங்க மாட்டேன். அந்தப் பெரியவர் அதை வைத்துத்தான் கேட்டார்.

2025 ஏப்ரல் 1ஆம் தேதி காலையில் சுபாங் ஜெயா பக்கம் புத்ரா ஹைட்ஸில் நடந்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டோம். நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள். எட்டு மணியைத் தாண்டிய நேரத்தில் பூமிக்கடியில் போகும் பெட்ரோனாஸ் கேஸ் குழாய் வெடித்தது. முப்பது மீட்டருக்கும் மேலே எழுந்த தீ நகரத்தின் பல பக்கங்களிலிருந்தும் தெரிந்தது. வெப்பம் ஆயிரம் டிகிரி செல்சியஸைத் தொட்டது என்றார்கள். கம்போங் கோலா சுங்கை பாருவிலும் புத்ரா ஹார்மோனி சாலையிலும் வீடுகள் வெந்தன, கார்கள் உருகின, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் காயப்பட்டார்கள். அங்கிருந்த ஸ்ரீ மகா காளியம்மன் ஆலய மண்டபமும் புத்ரா ஹைட்ஸ் பள்ளிவாசலும் ஓடி வந்தவர்களுக்குக் கதவைத் திறந்தன. முன்பின் தெரியாதவர்கள் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதைப் படத்தில் பார்த்து அழாதவர் இல்லை.

என் தொழில் காரணமாக என் மனம் இன்னொரு பக்கமும் போனது. அந்தத் தீயைத் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது, அணைக்கவும் கூடாது. கேஸ் வந்துகொண்டிருக்கும்போது சுடரை மட்டும் அணைத்தால், எரியாத கேஸ் பரவிக் கிடந்து இதைவிடப் பெரிதாக வெடிக்கும். குழாயின் வால்வுகளை மூட வேண்டும். உள்ளே மிஞ்சியது எரிந்து தீர வேண்டும். அதுவரை பொம்பா வீரர்கள் சுற்றியுள்ள வீடுகளைத் தண்ணீரால் காத்து, உள்ளே சிக்கியவர்களை வெளியே கொண்டுவர வேண்டும். அன்று தீ முழுதாக அடங்கப் பிற்பகல் மூன்றே முக்கால் ஆனது. எந்த வால்வை மூட வேண்டும் என்று தெரிந்தவர், தெரிந்த இடத்தில், விழித்துக்கொண்டு இருந்திருக்கிறார். பெருநாள் அன்றைக்கும் இருந்திருக்கிறார். அவர் மாதச் சம்பளக்காரர். பொம்பா வீரரும் அப்படித்தான். அவர்களைப் பார்த்து யாரும் "காசு வாங்கிக்கொண்டா உயிரைக் காப்பாற்றுகிறாய்?" என்று கேட்பதில்லை. மாதச் சம்பளம் என்றால் கடமை என்கிறோம். அதே வேலையைச் சொந்தத் தொழில்காரன் செய்தால் வியாபாரம் என்று நினைக்கிறோம். இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், சம்பளத்தில் அல்ல, எதற்காகச் சம்பளம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்று தோன்றுகிறது.

தொண்டர்களைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். தைப்பூசத்தில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் பிள்ளைகள் படிக்கட்டில் மயங்கியவர்களைத் தூக்கி வருவதைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். ஆனால் தொண்டு, நாளைத் தானே தேர்ந்துகொள்கிறது. திருநாளில் ஆயிரம் கை சேரும். ரவாங் பக்கத்து அடுக்குமாடியில் செவ்வாய்க்கிழமை பின்னிரவு மூன்று மணிக்கு ஒரு வீட்டில் நாற்றம் அடிக்கிறது என்றால் அந்த ஆயிரம் கையும் தூங்குகின்றன. தூங்கத்தான் வேண்டும், காலையில் வேலைக்குப் போகிறவர்கள். அந்த நேரத்துக்கென்று ஒருவர் விழித்திருக்க வேண்டும் என்றால், அவருடைய மறுநாள் சோற்றுக்கு ஊர்தான் வழி சொல்ல வேண்டும்.

நம் சமயத்தில் இதற்குப் பதில் இல்லாமல் இல்லை. பிட்டுக்கு மண் சுமந்த கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் அது 61ஆவது படலம். மதுரையில் ஆவணி மூலத்தில் இன்றும் பிட்டுத் திருவிழா நடக்கிறது. அதைப் பக்திக் கதையாகவே கேட்டுவிட்டோம். கான்ட்ராக்ட் தாளைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தபோதுதான் அதன் மற்றொரு பக்கம் எனக்குத் தெரிந்தது. வைகையில் வெள்ளம். கரை உடைகிறது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து அவரவர் பங்குக் கரையை அடைக்க வேண்டும் என்று அரசன் ஆணை. வந்தி தனிக்கட்டை, பிட்டு விற்றுப் பிழைக்கும் கிழவி. அவளுக்கு ஆள் இல்லை. கூலிக்கு ஆள் தேடுகிறாள். சொக்கநாதர் கூடையும் மண்வெட்டியுமாகக் கூலியாள் வடிவில் வந்து நிற்கிறார். கூலி என்ன? உதிர்ந்த பிட்டு.

இதைவிடத் தெளிவான அவசர வேலை உண்டா? இறைவன் அங்கே தொண்டராக வரவில்லை, கூலியாளாக வந்தார். கூலி பேசித்தான் கூடையைத் தூக்கினார். கிழவி இலவசமாகக் கேட்கவும் இல்லை. தன்னால் முடிந்ததைக் கொடுத்து ஓர் ஆளை நியமிக்கிற மரியாதையை அவளுக்கு அவர் விட்டு வைத்தார். "உனக்கு யாரும் இல்லையே அம்மா, நான் சும்மாவே செய்கிறேன்" என்று சொல்லியிருந்தால் வந்தி இரக்கத்துக்குரியவள் ஆகியிருப்பாள். கூலி வாங்கியதால் அவள் மற்ற வீட்டுக்காரர்களோடு சமமாக நின்றாள். அவள் பங்கும் கணக்கில் ஏறியது.

அடுத்த பகுதிதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. கூலியாள் பிட்டைத் தின்றுவிட்டு ஆடுகிறார், பாடுகிறார், படுத்துத் தூங்குகிறார். மற்ற பங்கெல்லாம் உயர்ந்துவிட்டது, வந்தியின் பங்கு மட்டும் அப்படியே கிடக்கிறது. அரசன் வந்து பிரம்பால் அடிக்கிறான். அந்த அடி அரசன் உட்பட எல்லா உயிர் மேலும் விழுகிறது. கூலியாள் ஒரே ஒரு கூடை மண்ணைக் கொட்டிவிட்டு மறைகிறார். கரை அடைபடுகிறது. கதை சொல்கிறவர்கள் அடியைப் பற்றியே பேசுவார்கள். எனக்கோ அந்தத் தூக்கம் முக்கியமாகப் படுகிறது. கூலி வாங்கியவன் தூங்கினால் ஏமாற்றுகிறான் என்று அரசன் கணக்குப் போட்டான். ஆனால் கரையை அடைத்தது கூடைகளின் எண்ணிக்கை இல்லை. வேண்டிய நேரத்தில் வேண்டியவர் அங்கே இருந்ததுதான். முறைக்காரனுக்கு இரவு முழுக்க ஓர் அழைப்பும் வராமல் போகலாம். அந்த இரவுக்கான காசு வீண் என்று நினைக்கிற முதலாளி அந்த அரசனின் கணக்கைத்தான் போடுகிறார். புராணத்தை நான் இப்படிப் படிப்பது சரியா என்று ஓதுவார்கள் சொல்லட்டும். என் தொழிலிலிருந்து பார்த்தால் எனக்கு இப்படித்தான் தெரிகிறது.

பெரிய புராணத்திலும் இதற்குப் பக்கத்தில் ஒரு செய்தி உண்டு. பஞ்ச காலத்தில் திருவீழிமிழலையில் அப்பருக்கும் சம்பந்தருக்கும் இறைவன் நாள்தோறும் பொற்காசு கொடுத்தார், அதை வைத்து அடியார்களுக்கு அவர்கள் அன்னமிட்டார்கள். உழவாரம் பிடித்துக் கையால் வேலை செய்த அப்பருக்குக் கிடைத்த காசு வட்டம், அதாவது கழிவு, இல்லாமல் செல்லுபடியாகும் காசு. கைத்தொண்டுக்கும் காசுக்கும் பகை இல்லை என்று நம் முன்னோர் நினைத்திருக்கிறார்கள் என்பதற்கு இது போதும்.

ஆனால் எல்லாக் கூலியும் ஒன்று இல்லை. தமிழ்நாட்டு ஊர்களில் காவல்கூலி என்று ஒன்று இருந்தது. சோழர் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்ற பெயரில் காவலுக்கான வரி வருகிறது. பின்னாளில் வீட்டுக்கு இவ்வளவு தானியம் என்று காவல்காரருக்கு அளந்தார்கள். திருட்டு நடக்காத வருஷத்திலும் அளந்தார்கள். திருடு போனால் பொருளைக் கண்டுபிடித்துக் கொடுப்பது, முடியாவிட்டால் ஈடு செய்வது காவல்காரர் பொறுப்பு. அதாவது ஒன்றும் நடக்காமல் இருப்பதில்தான் அவருக்கு லாபம். பக்கத்திலேயே துப்புக்கூலி என்று இன்னொன்றும் வளர்ந்தது. மாடு காணாமல் போகும். துப்புக் கொடுத்து மீட்டுத் தருகிறவருக்குக் காசு. மீட்புக்கு மட்டும் காசு என்று வந்ததும், மாடு காணாமல் போவதே சிலருக்குப் பிழைப்பாகிவிட்டது.

நிறுவனம் கொடுத்த இரண்டு வழியும் இவைதான். அழைப்புக்கு இவ்வளவு என்பதில் காசு அதிகம் பார்க்கலாம். எங்களில் இளையவன் ஒருவன் கணக்குப் போட்டே காட்டினான். சீனப் புத்தாண்டு, தைப்பூசம், நோன்பு மாதம் எல்லாம் அடுப்பு ஓயாத காலம். அவன் நல்ல பையன், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் சொந்தத் தொழில்காரன் மனம் எனக்குத் தெரியும். போன் அடிக்காத நாளில் மனம் வாடும். யாருக்காவது பர்னர் அடைத்துக்கொள்ளாதா என்று தோன்றுவது இயல்பு, அதில் குற்றமும் இல்லை, பர்னர் அடைத்தால் யாரும் சாவதில்லை. கசிவு அப்படியில்லை. இரவு முழுக்கப் போன் அடிக்கவில்லை என்றால் அந்த இரவில் கோலாலம்பூர் முழுக்கப் பிள்ளைகள் நன்றாகத் தூங்கியிருக்கிறார்கள். அந்த விடியலில் எனக்கு ஏமாற்றம் வரும்படியாக ஒரு சம்பளத்தை நானே கையெழுத்திட்டு வாங்கக் கூடாது. ஆசையை அடக்கிக்கொள்வேன் என்று சொல்லலாம். அடக்க வேண்டிய ஆசையை எதற்குக் கூலி கொடுத்து வளர்க்க வேண்டும்?

முறைக்கூலியில் வேறொரு நன்மையும் இருக்கிறது. பெரியவரிடம் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். இன்று நான் சும்மா போகிறேன் என்றால், போகும் வீட்டை நான்தான் தேர்ந்தெடுக்கிறேன். தெரிந்தவர், நம்மவர், கோயிலில் பார்த்தவர், பழைய பாக்கி வைக்காதவர். பாக்கி வைத்துவிட்டு போனை எடுக்காமல் விட்ட கடைக்காரர் நள்ளிரவில் கூப்பிட்டால் "வெளியூரில் இருக்கிறேன்" என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. முறைக்காரனுக்கு அந்த உரிமை கிடையாது. பங்களாவோ புறம்போக்குக் குடிசையோ, மலாய்க்காரர் வீடோ சீனர் வீடோ வங்காளதேசத் தொழிலாளர் தங்கியிருக்கும் கொங்சியோ, முறையில் எது வருகிறதோ அங்கே போய்த்தான் ஆக வேண்டும். அன்பால் மட்டும் போகிறவனுடைய அன்புக்கு எல்லை உண்டு. என்னுடையதற்கும் உண்டு. கூலி வாங்கியவன் என்ற கட்டு அந்த எல்லையைத் தாண்டி என்னை இழுத்துக்கொண்டு போகும். பிரிட்டனில் கட்டுப்படாத கசிவு என்று தகவல் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள், வால்வை மூடிவிட்ட கசிவு என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் ஆள் வாசலில் நிற்க வேண்டும் என்று கேஸ் நிறுவனங்களுக்கு அளவு வைத்திருக்கிறார்கள். வாசல் யாருடையது என்று அந்த அளவு கேட்பதில்லை.

எனக்கு உண்மையிலேயே உறுத்துவது வேறு. முதல் ஆளின் வேலை ஆபத்தை நிறுத்துவது மட்டும். கதவு ஜன்னலைத் திறக்க வேண்டும், யாரும் விளக்கு சுவிட்சையோ ஃபேன் சுவிட்சையோ தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஆட்களை வெளியே அனுப்ப வேண்டும், வால்வை மூட வேண்டும், டிடெக்டரைத் தரையோரமாகவும் கழிவு நீர்க் குழியிலும் காட்டிப் பார்க்க வேண்டும், அட்டை மாட்டிவிட்டுக் கிளம்ப வேண்டும். பழுது பார்க்கக் கூடாது. கான்ட்ராக்ட் அப்படித்தான் சொல்கிறது, காரணமும் நியாயமானது. ஒரு வீட்டில் குழாய் மாற்றிக்கொண்டிருக்கும்போது இன்னொரு வீட்டில் ஆட்கள் கசிவோடு உட்கார்ந்திருக்கக் கூடாது. அதே வீட்டில் மறுநாள் சொந்தமாக வேலை எடுக்கவும் கூடாது. ஆபத்தைக் காட்டிப் பயமுறுத்திக் காசு பார்க்கும் வழியை அடைக்கிறார்கள். அதை முழு மனதாக ஏற்கிறேன்.

அண்மையில் செந்தூல் அடுக்குமாடி ஒன்றுக்கு என் வழக்கமான வேலையாகப் போயிருந்தேன். தனியாக இருக்கும் அம்மா. அடுப்பில் அரிசி பாதி வெந்து கிடந்தது. குழாய் ரெகுலேட்டரோடு சேரும் இடத்தில் வெடித்திருந்தது. நான் வால்வை மூடியதும் அவர் பானையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சாமி, சோறு பாதியில நிக்குதே" என்றார். சுகர் மாத்திரை போட்டுவிட்டாராம், சாப்பிட்டாக வேண்டும். வண்டியில் குழாய் இருந்தது. மாற்றி, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்து, அடுப்பை ஏற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். முறைக்காரனாகப் போயிருந்தால் மூடிவிட்டு, அட்டை மாட்டிவிட்டு, அந்தப் பானையைத் தாண்டி வெளியே வந்திருக்க வேண்டும். உயிரைக் காப்பாற்றிவிட்டுப் பசியை அங்கேயே விட்டுவிட்டு வருவது எனக்குச் சுலபமாக இருக்காது. கூலி வாங்குவதில் எனக்குத் தயக்கம் இல்லை, தயக்கமெல்லாம் இந்தப் பானையில்தான் இருக்கிறது. அடுத்த வீட்டின் கசிவுக்காக இந்த வீட்டின் சோற்றை விட்டுப் போவதும் அறம்தான் என்று அறிவு ஒத்துக்கொள்கிறது. கால் நகர நேரமாகும்.

வீட்டில் மனைவி கேட்டது வேறு. "உங்களுக்கு ஏதாவது ஆனா?" என்றாள். ஊருக்குக் காவல் போகிறவன் வீட்டைக் காவலில்லாமல் விடக் கூடாது என்பது அவள் நியாயம், அதை மறுக்க எனக்கு வழியில்லை. சொந்தத் தொழில்காரருக்கென்று 2017இல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பெர்கேசோவில் சந்தா கட்டுவது உண்டு. இந்த வேலையையும் அதில் சேர்த்து எழுதிக் காட்டும்படி நிறுவனத்திடம் கேட்டிருக்கிறேன்.

அதோடு கேட்டவை இவை: அழைப்புக் கூலி வேண்டாம், முறைக்கூலிதான் வேண்டும். பழுது பார்க்கும் ஃபிட்டர்களின் பட்டியல் ஒன்றை வட்டாரவாரியாக வண்டியில் வைத்துக்கொள்ள வேண்டும். அதில் முறைக்காரர் பெயர் இருக்கக் கூடாது, இரவிலும் போன் எடுப்பவர்களாக இருக்க வேண்டும். முதியவர் தனியாக இருக்கும் வீடு என்றால் வண்டியிலேயே ஒரு மின் அடுப்பு வைத்திருந்து, கேஸ் முழுதாக வெளியேறி டிடெக்டர் சுழி காட்டிய பிறகு, பழுது தீரும்வரை இரவல் கொடுக்க அனுமதிக்க வேண்டும். கடைசிக் கோரிக்கையைக் கேட்டு நிர்வாகி சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

இளையவனும் முறைக்கூலிக்கே கையெழுத்துப் போடுகிறேன் என்கிறான். ஆனால் வரும் தைப்பூசத்துக்குப் பால்குடம் நேர்ந்திருக்கிறான், அன்றைக்கு முறை விழுந்துவிடுமோ என்று பயம். அந்த நாளின் முறையை என் பேருக்கு எழுதச் சொல்லிவிட்டேன். பந்தல் அடுப்புகளை முந்தின நாளே பார்த்து முடித்துவிட்டு, அன்று கிள்ளானில் வண்டியோடு இருப்பேன். பெரியவரிடம் இதையும் சொல்ல வேண்டும். பந்தலில் என்னைக் காணவில்லையே என்று தேடுவார்.